பிரீசர் காவலுக்கு 'லோரா'

கடை அடைத்த பின் இரவு 11 மணிக்கு ஒரு பேஸ் போகிறது. பக்கத்துக் கடையில் விளக்கு எரிகிறது. நம் பிரீசர் மட்டும் நின்றுவிடுகிறது. காலையில் ஷட்டரைத் தூக்கும்போது அது மறுபடி ஓடிக்கொண்டிருக்கும். ஐஸ்கிரீம் உருகி உறைந்ததை நமக்கு முன் வாடிக்கையாளர்தான் அறிவார். மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டிய சரக்கை இரவில் யார் பார்ப்பது?

இதற்கென வரும் பேட்டரிக் கருவிகள் பலவற்றில் 'லோரா' என்ற பெயர் இருக்கும். பிரான்சின் கிரெனோபிள் நகரில் சைக்கிளியோ என்ற சிறு நிறுவனம் உருவாக்கியது. 2012-ல் அமெரிக்காவின் செம்டெக் அதை வாங்கியது.

குருவி கீச்சிடும் குரல் போல இதன் வானொலி அலை கீழிருந்து மேலே ஏறும். மயிலை மாடவீதிகளை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த முனையில் புறப்பட்டாலும் நான்கு வீதியும் சுற்றி அங்கேயே வந்து சேரலாம். இந்த அலையும் ஓரிடத்தில் தொடங்கி, உச்சிக்கு ஏறி, சட்டென அடிக்கு வந்து, மீண்டும் ஏறித் தொடங்கிய இடத்தில் முடியும். எங்கே தொடங்கியது என்பதுதான் செய்தி. வழக்கமான 125 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில், தொடங்கும் இடங்கள் 128 என்றால் ஒரு சுற்றுக்கு 1 மில்லிவிநாடி. 4,096 என்றால் 33. சுற்று நீண்டால், வாங்கும் கருவி தன்னிடமுள்ள மாதிரியோடு ஒப்பிட்டு, சிதறிய பலத்தை ஒன்றுசேர்க்கிறது. இரைச்சலில் நூறில் ஒரு பங்கு பலமே உள்ள அலையும் அகப்பட்டுவிடும். ரங்கநாதன் தெரு தீபாவளிக் கூட்டத்தில் நம் பிள்ளை இழுத்துக் கூப்பிடுவது காதில் விழவில்லையா, ஏறக்குறைய அப்படி.

ஆனால் வேகம் போய்விடும். நீண்ட சுற்றில் ஒரு டெம்பரேச்சர் செய்தி போக சுமார் ஒன்றரை விநாடி ஆகும். கேமராப் படம் அனுப்பலாம் என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம். கால் மணிக்கு ஒரு செய்தி பிரீசருக்குப் போதும். மற்ற நேரம் கருவி உறங்குவதால்தான் பேட்டரி வருடக்கணக்கில் வருகிறது.

வாங்கும்போது அலைவரிசையைக் கேளுங்கள். நம் நாட்டில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை, குறைந்த சக்திக் கருவிகளுக்கு 2005 முதல் உரிமம் தேவையில்லை. அமெரிக்கக் கருவிகள் இயங்கும் 902–928-ல் ஒரு பகுதி இங்கே செல்போனுக்குரியது. விலை குறைவென்று அதை வாங்கி மாட்டக் கூடாது. மத்திய வயர்லெஸ் பிரிவின் இ.டி.ஏ. சான்று உள்ளதா என்று பார்த்து, பில்லோடு வாங்குங்கள்.

இன்னொன்று, விற்பவர் பெரும்பாலும் சொல்லாதது. பிரீசரிலுள்ள கருவிக்குப் பேட்டரி உண்டு. செய்தியை வாங்கும் பெட்டிக்கு மின்சாரம் வேண்டும். அதே பேஸில் அதையும் மாட்டினால் இரண்டும் சேர்ந்தே நிற்கும். அதற்கும் இன்டர்நெட் பெட்டிக்கும் சிறிய யு.பி.எஸ். அவசியம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரையில் மின்சாரமும் செல்போனும் சேர்ந்தே போயின. வீடு அடுத்த தெருவில் இருப்பவர்கள், இன்டர்நெட் இல்லாமலே மணி அடிக்கும் வகையைக் கேட்டு வாங்கி, வாங்கும் பெட்டியை வீட்டிலேயே வைக்கலாம்.

அலை இரும்பைத் துளைக்காது. ஆகவே அளக்கும் முனையை மட்டும் கதவு ரப்பர் வழியே உள்ளே விட்டு, ஆண்டெனா உள்ள பெட்டியை வெளியே, தரையிலிருந்து உயர்த்தி மாட்டுங்கள்.