வார்த்தை செய்தியாகும்போது



நீங்கள் வாழும் ஊரின் பெயரைத் தமிழில் எழுதிப் பாருங்கள்: செங்கல். மதுரையிலுள்ள உங்கள் உறவினர் இதனைப் படித்தால், சூளையில் சுட்டெடுத்த செங்கல்லையே நினைப்பார். உங்கள் வகுப்பிலுள்ள மலையாள நண்பரோ, நிலத்திலிருந்து வெட்டியெடுக்கும் செந்நிறக் கல்லை நினைப்பார். இதைவிடச் சுவையான சொல் இன்னொன்று உண்டு. தமிழில் ‘வார்த்தை’ என்றால் சொல். மலையாளத்தில் ‘வார்த்த’ என்றால் செய்தி. மாலையில் தொலைக்காட்சியில் ‘வார்த்த’ தொடங்கிவிட்டது என்று அண்டை வீட்டார் கூறினால், அங்கே செய்தி வாசிக்கப்படுகிறது என்று பொருள்.

யாரோ ஒருவர் சொன்ன வெறும் வார்த்தை, எந்த இடத்தில் பலரும் நம்பும் செய்தியாக மாறுகிறது? முற்காலத்தில் அந்த இடம் சந்தையாகவும் தேநீர்க் கடையாகவும் இருந்தது. இன்று அது நம் கையிலுள்ள கைப்பேசி. இணையத்தில் பாதுகாப்பாக இருப்பது என்றால் நமக்குத் தீங்கு வராமல் காத்துக்கொள்வது என்றே பலரும் எண்ணுகின்றனர். நம்மால் பிறருக்குத் தீங்கு வராமல் காப்பதும் அதில் அடங்கும். இப்பாடம் பெரும்பாலும் அந்த இரண்டாம் பகுதியைப் பற்றியது.

சன்னலில் ஒரு கறுப்புப் புள்ளி

2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கேரளத்தின் பல ஊர்களில் வீட்டுச் சன்னல் கண்ணாடிகளில் சிறிய கறுப்பு ஸ்டிக்கர்கள் இருப்பதை மக்கள் கண்டனர். குழந்தைகளைக் கடத்தும் கும்பல் ஒன்று வீடுகளை அடையாளம் செய்து வைத்திருக்கிறது என்னும் தகவல் வாட்ஸ்அப்பில் பரவியது. பெற்றோர் அஞ்சினர், சில இடங்களில் இரவில் காவல் இருந்தனர். காவல்துறை ஆராய்ந்து, அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை என்று அறிவித்தது. கண்ணாடித் தகடுகளை அடுக்கி வண்டியில் ஏற்றும்போது அவை ஒன்றோடொன்று உரசாமல் இருக்க, வணிகர்கள் இடையில் சிறு ரப்பர்த் துண்டுகளை ஒட்டுவது வழக்கம். சன்னலில் இருந்தவை அத்தகைய துண்டுகளே. அவை பல நாள்களாக அங்கேயே இருந்திருக்கும். வதந்தி வந்த பிறகுதான் கண்ணுக்குப் பட்டன.

அச்சம் ஸ்டிக்கரோடு நிற்கவில்லை. ‘அந்தக் கும்பல் யார்?’ என்னும் கேள்வி எழுந்தது. விடை எளிதாகக் கிடைத்தது: ஊருக்குப் புதியவர், வேறு மொழி பேசுபவர், அழுக்கு உடை அணிந்தவர். தெருவில் இரந்து திரிந்தோரும் வெளிமாநிலத் தொழிலாளர்களும் ஆங்காங்கே பிடித்து வைக்கப்பட்டனர், சிலர் அடிபட்டனர்.

இங்கே சற்று நில்லுங்கள். உங்கள் பெற்றோருள் சிலர் கட்டடப் பணிக்காக இங்கு வந்தவர்கள், சிலர் வணிகத்துக்காக, சிலர் மத்திய அரசுப் பணி மாறுதலால் வந்தவர்கள். களியக்காவிளை எல்லை மிக அருகில்தான் இருக்கிறது. ஆயினும் எல்லைக்கு இப்புறம் நாம் வேறு மொழி பேசுபவர்கள். ‘புதியவரைக் கண்டால் எச்சரிக்கை’ என்னும் தகவலைப் பகிரும்போது, அந்தப் புதியவர் யாருடைய அப்பாவாகவும் இருக்கலாம் என்பதை மற்றவர்களைவிட நீங்கள் நன்கு உணர்வீர்கள்.

அதே வதந்தி தமிழ்நாட்டில்

அதே ஆண்டு, வடநாட்டுக் கும்பல் குழந்தைகளைக் கடத்த வந்திருக்கிறது என்னும் வதந்தி தமிழகத்தின் வட மாவட்டங்களில் பரவியது. 2018 மே 9 அன்று சென்னையிலிருந்து ஒரு குடும்பத்தினர் தம் குலதெய்வக் கோவிலைத் தேடிக் காரில் புறப்பட்டனர். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த உறவினரும் உடன் இருந்தனர். திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூர்ப் பகுதியில் வழி கேட்க நின்றபோது, அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தனர். ஊரார் அவர்களைக் கடத்தல்காரர் என்று எண்ணிவிட்டனர். கூட்டம் தாக்கியதில் 65 வயது மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். உடன் வந்தோர் படுகாயமடைந்தனர். இறந்தவரும் தமிழர், அடித்தவரும் தமிழர். வதந்தி ஒருவரை அயலார் ஆக்கிவிட்டால், மொழிகூட அவரைக் காப்பதில்லை.

அந்நாளில் இந்தியாவெங்கும் ஒரு காணொளி சுற்றியது. இருவர் மோட்டார் சைக்கிளில் வந்து, விளையாடும் சிறுவனைத் தூக்கிச் செல்வதாக அதில் காட்சி. உண்மையில் அது பாகிஸ்தானின் கராச்சி நகரில், குழந்தைகளின் பாதுகாப்புக்காக ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில், தூக்கிச் சென்றவர்களே சிறுவனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஓர் அறிவிப்புப் பலகையைக் காட்டுவார்கள். யாரோ அந்த இறுதிப் பகுதியை வெட்டிவிட்டார். காட்சி பொய்யன்று; வெட்டியதால் பொய்யாயிற்று. ‘கண்ணால் கண்டேன்’ என்பதை இனி எப்படிச் சான்றாகக் கொள்வது?

எண்ணிக்கையையும் பாருங்கள். ஒருவர் ஒரு தகவலை 5 பேருக்கு அனுப்புகிறார். அவர்கள் ஒவ்வொருவரும் புதிதாக 5 பேருக்கு அனுப்பினால் 25, அடுத்த சுற்றில் 125, பிறகு 625, ஐந்தாம் சுற்றில் 3,125, ஆறாம் சுற்றில் 15,625. பெறுநர் தனியாள் அல்லாமல் குழுவாக இருந்தால் இந்தக் கணக்கு எங்கோ போய்விடும். இத்தகைய கொலைகள் பல மாநிலங்களில் நிகழ்ந்த பிறகே, 2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு தகவலை ஒரே நேரத்தில் 5 உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வரம்பு வைத்தது. பிறரிடமிருந்து வந்து மேலும் அனுப்பப்படும் தகவலுக்கு அடையாளக் குறியும் சேர்த்தது. இன்று உங்கள் கைப்பேசியில் இரட்டை அம்புக்குறி கண்டால், அத்தகவல் பல கைகள் கடந்து வந்தது என்று அறிக. எழுதியவர் யார் என்று அனுப்பியவருக்கும் தெரிந்திருக்க வாய்ப்புக் குறைவு.

வெள்ளத்தில் இரு முகம்

கைப்பேசியையே பிள்ளைகளிடமிருந்து பறித்துவிட வேண்டும் என்பார் உளர். அக்கருத்தில் எனக்கு உடன்பாடில்லை. இணையத்தைப் பெறும் உரிமை கல்வி உரிமையோடு இணைந்தது என்று கேரள உயர் நீதிமன்றமே 2019 செப்டம்பரில் தீர்ப்பளித்துள்ளது. அத்தீர்ப்புக்கு ஓராண்டு முன்பு, 2018 ஆகஸ்டு வெள்ளத்தில், இதே வாட்ஸ்அப்பும் முகநூலும் உயிர் காத்தன. மாடியில் சிக்கிக்கொண்டோர் தம் இருப்பிடத்தையும் தொலைபேசி எண்ணையும் பதிந்தனர். அரசும் தன்னார்வ மென்பொருளாளர்களும் சேர்ந்து நடத்திய ‘கேரள ரெஸ்க்யூ’ இணையதளத்தில் வேண்டுகோள்கள் குவிந்தன. திருவனந்தபுரம் கடற்கரையிலிருந்து மீனவர்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிச் செங்கன்னூர் வரை சென்று மீட்டனர். (செங்கன்னூர் வேறு, நம் செங்கல் வேறு, பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டா.)

அந்த நாள்களில் இரண்டு இடையூறுகளும் நேர்ந்தன. முதலாவது, நல்லெண்ணத்தால் விளைந்தது. ஒரு குடும்பம் மீட்கப்பட்ட பிறகும், அவர்களைப் பற்றிய வேண்டுகோள் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. தகவலில் தேதியும் நேரமும் இல்லை; மீட்கப்பட்டனர் என்று திருத்துவாரும் இல்லை. உதவுவோர் முடிந்துபோன வேண்டுகோளின் பின்னே அலைந்தால், அந்நேரம் வேறொரு மாடியில் காத்திருப்பவர் கதி என்ன? பகிரப்பட்ட எண்ணோ, ஆபத்து நீங்கிய பிறகும் அறியாதவர் பலரின் கைப்பேசிகளில் தங்கிவிட்டது.

இரண்டாவது, முல்லைப் பெரியாறு. இடுக்கி மாவட்டத்தில் அமைந்து, தமிழ்நாட்டால் இயக்கப்படும் அந்த அணை 1895ஆம் ஆண்டு முதல் நிற்கிறது. 2018 ஆகஸ்டு 15 அன்று அதன் நீர்மட்டம் 142 அடியை எட்டியது. அதனையொட்டி, அணை உடையப் போகிறது என்று பதற்றமான குரலில் பேசும் பதிவு ஒன்று பரவியது. அரசும் காவல்துறையும் அது பொய் என்று மறுத்தன. ஏற்கெனவே சாலைகள் மூழ்கிய நேரத்தில், அப்பதிவைக் கேட்டு ஒரு குடும்பம் இருட்டில் வீட்டைவிட்டுப் புறப்பட்டிருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். அந்த அணையைப் பற்றிய ஒவ்வொரு வதந்தியும் இரு மொழியினரின் உறவையும் உரசிச் செல்கிறது. உரசலின் சூட்டை முதலில் உணர்வோர் எல்லையோரத்தில் வாழும் நம்மைப் போன்றவர்கள்.

கண்ணூர்ப் பள்ளிகளில்

இதற்குப் பள்ளியில் என்ன செய்ய முடியும் என்று கண்ணூர் மாவட்டம் செய்து காட்டியது. 2017இல் தட்டம்மை, ரூபெல்லாத் தடுப்பூசி போடப்பட்டபோது, அதனைப் பற்றிய பொய்த் தகவல்களை நம்பிப் பெற்றோர் பலர் பிள்ளைகளை அனுப்ப மறுத்தனர். அதைக் கண்ட மாவட்ட ஆட்சியர் மீர் முகம்மது அலி, 2018இல் ‘சத்தியமேவ ஜயதே’ என்னும் திட்டத்தைச் சுமார் 150 அரசுப் பள்ளிகளில் தொடங்கினார். பொய்ச் செய்தியை எவ்வாறு அறிவது என்று மாணவர்களுக்கு வகுப்பிலேயே கற்பிக்கப்பட்டது. பெரியவர்களை விட்டுவிட்டுச் சிறுவர்களிடம் ஏன் போனார்கள்? வீட்டில் வந்த தகவலைப் பற்றிக் கேள்வி கேட்கக் கற்ற ஒரு பிள்ளை, அந்த வீடு முழுவதையும் கேட்க வைக்கும் என்பதனால்தான். 2022இல் இதே பெயரில் மாநில அளவிலும் பயிற்சி நடைபெற்றது.

மாமாவிடம் எப்படிச் சொல்வது?

கடினமான பகுதி இதுதான். பொய்த் தகவல் பெரும்பாலும் அயலாரிடமிருந்து நமக்கு வருவதில்லை, அன்புடையோரிடமிருந்தே வருகிறது. மார்த்தாண்டத்திலிருக்கும் மாமா குடும்பக் குழுவில் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம்: “நெய்யாறு அணையின் மதகுகள் அனைத்தும் திறக்கப்பட்டன. ஆற்றங்கரையில் இருப்போர் உடனே வெளியேறவும். அனைவருக்கும் அனுப்பவும்.” மழைக்காலத்தில் நெய்யாறு அணை திறக்கப்படுவது உண்மையே. ஆனால் இன்றா, சென்ற ஆண்டா? தகவலில் தேதி இல்லை. ‘பொய்’ என்று எழுதினால் மாமாவை அவமதித்ததாகும். பேசாமல் இருந்தால் பாட்டி அஞ்சுவார். கேள்வியாகக் கேட்பதே பணிவு.

“மாமா, இது இன்றைய செய்தியா? மாவட்ட ஆட்சியரின் பக்கத்தில் பார்த்தேன். அங்கே இன்று எதுவும் இல்லையே. உங்களுக்கு யார் அனுப்பினார்கள்?”

“எனக்கு வந்ததைத்தான் மக்களே, அப்படியே போட்டேன்.”

“அப்படியானால் இன்னொரு முறை பார்த்துவிட்டுச் சொல்கிறேன் மாமா. அதுவரை வேறு யாருக்கும் அனுப்ப வேண்டா.”

இவ்வுரையாடலில் பிள்ளை மூன்றைத் தேடியது: எப்போது நடந்தது, முதலில் சொன்னவர் யார், பொறுப்புடையோர் உறுதி செய்தனரா. படம் வந்தால் அதே படத்தை இணையத்தில் தேடி, முன்பு எங்கே வெளியானது என்றும் பார்க்கலாம். நேரமில்லை என்றால் பகிராமல் விடலாம். ‘அனைவருக்கும் அனுப்பவும்’ என்னும் ஏவலுக்கு நாம் கீழ்ப்படிய வேண்டியதில்லை.

உங்களைக் காத்துக்கொள்வது பற்றிச் சில சொற்கள் போதும். கடவுச்சொல்லையும் ஓடிபி எண்ணையும் பெற்றோரைத் தவிர எவரிடமும் கூறாதீர்கள், நண்பரிடமும்தான். சீருடையும் பள்ளிப் பெயரும் தெரியும் படத்தை அறியாதவர் காணும்படி வெளியிடாதீர்கள். நண்பரின் படமாயின் அவரைக் கேட்ட பிறகே வெளியிடுங்கள். யாரேனும் உங்கள் படத்தைக் காட்டி மிரட்டினால், அழித்துவிட்டு மறைக்காமல், சான்றை அப்படியே வைத்துப் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ காட்டுங்கள். தவறு மிரட்டுபவருடையது, உங்களுடையது அன்று. குழந்தைகள் உதவிக்கு 1098 எண்ணையும், இணையப் பண மோசடிக்கு 1930 எண்ணையும் அழைக்கலாம்.

பயிற்சி

1. வதந்தி என்பதை மலையாளத்தில் ‘கிம்வதந்தி’ என்பர். இரு மொழிகளிலும் எழுத்தால் ஒத்துப் பொருளால் வேறுபடும் சொற்கள் ஐந்தினை நண்பரிடம் கேட்டு எழுதுக.

2. கராச்சிப் படத்தில் வெட்டப்பட்டது எது? வெட்டியதால் பொருள் எவ்வாறு மாறியது? ஐந்து வரிகளில் விடை தருக.

3. மீட்பு வேண்டுகோள் ஒன்றை நீங்கள் எழுதுவதாயின், அதில் எவையெவை இருத்தல் வேண்டும்? மீட்கப்பட்ட பிறகு அதே குழுவில் என்ன எழுதுவீர்கள்? இரண்டையும் எழுதுக.

4. திருக்குறளில் ‘அறிவுடைமை’ அதிகாரத்தைப் படித்து, இப்பாடத்தோடு பொருந்தும் குறளைத் தேர்ந்து எழுதுக. ஒன்றுக்கு மேற்பட்டவை பொருந்தலாம், காரணம் கூறுக.

5. பின்வருவது பயிற்சிக்காகப் புனைந்த தகவல்: “அவசரம்! பாறசாலைப் பகுதியில் துணி விற்பவர் போல் நால்வர் சுற்றுகின்றனர். தமிழ் பேசுகின்றனர். பிள்ளைகளை வெளியே விடாதீர்கள்.” துணி விற்பவர்களுள் ஒருவரின் மகள் உங்கள் வகுப்பில் படிக்கிறாள் என்று கொள்க. வகுப்புக் குழுவில் இத்தகவல் வந்துள்ளது. நீங்கள் எழுதும் மறுமொழியைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி, வகுப்பில் படித்துக் காட்டுக.