குழந்தைகளின் தண்டுவடமும் எம்.ஆர்.ஐ.யும்: தவறான நம்பிக்கைகளும் உண்மைகளும்

தண்டுவடம் பாதிக்கப்பட்ட குழந்தைக்குக் கை, கால் அசைவோடு சிறுநீர், மலக் கட்டுப்பாடும் போய்விடக்கூடும். அதைக் கண்டறிய உதவும் எம்.ஆர்.ஐ. பரிசோதனையைப் பற்றியோ, நாம் மருத்துவரிடம் கேட்டறிந்ததைவிடப் பிறர் சொல்லக் கேள்விப்பட்டு நம்புவதே அதிகம்.

“ஸ்கேன் எடுத்தால் கதிர்வீச்சு குழந்தையைப் பாதிக்கும்.”

எக்ஸ்ரேயிலும் சி.டி. ஸ்கேனிலும்தான் எக்ஸ் கதிர்கள் உண்டு. எம்.ஆர்.ஐ. காந்தப்புலத்தாலும் ரேடியோ அலைகளாலும் இயங்குகிறது. மூன்றையும் ஒன்றாகவே எண்ணுவதால் வரும் அச்சம் இது. அதனால் தேவையான பரிசோதனை தள்ளிப்போகிறது. காந்தம் என்பதால் கவனிக்க வேண்டியது உலோகத்தைத்தான். குழந்தையின் உடலில் ஏதேனும் கருவி பொருத்தியிருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும்.

“எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை, தண்டுவடத்துக்கும் ஆபத்தில்லை.”

இவற்றுள் மிக ஆபத்தான நம்பிக்கை இதுவே. குழந்தைகளின் முதுகெலும்புகளைப் பிணைக்கும் தசைநார்கள் நெகிழ்வானவை. விபத்தில் எலும்புகள் விலகிவிட்டு மீண்டும் பழைய இடத்துக்கே வந்துவிடலாம். இடையில் தண்டுவடம் நசுங்கியோ இழுபட்டோ போயிருக்கும். எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், தண்டுவடத்தைக் காட்டாது. பாங், வில்பர்கர் என்ற மருத்துவர்கள் 1982-லேயே இவ்வகைக் காயத்துக்குப் பெயரிட்டு விளக்கிவிட்டார்கள். அறிகுறிகள் சில நாட்கள் கழித்தும் தோன்றலாம் என்பதால்தான் ‘ஒன்றுமில்லை’ என்ற நிம்மதி எளிதில் பரவுகிறது. அந்த நாட்களில் மீண்டும் ஒரு அடி பட்டால் இழப்பு நிரந்தரமாகிவிடக்கூடும்.

“எம்.ஆர்.ஐ. எடுத்தால், குழந்தை நடக்குமா என்று உறுதியாகத் தெரிந்துவிடும்.”

வழக்கமான எம்.ஆர்.ஐ. தண்டுவடத்தின் வடிவத்தையும் வீக்கத்தையும் காட்டும். நரம்பிழைகளின் நிலையை முழுதாகச் சொல்லாது. அதற்காகவே பிலடெல்பியாவின் ஜெஃபர்சன் பல்கலைக்கழகம் உள்ளிட்ட இடங்களில் ‘டிஃப்யூஷன் டென்சர்’ முறையைக் குழந்தைகளிடம் ஆராய்ந்து வருகிறார்கள். நலமான இழைகளில் நீர் மூலக்கூறுகள் பெரும்பாலும் நீளவாக்கில் பரவும். சிதைந்த இடத்தில் அந்த ஒழுங்கு குலையும். அதை இம்முறை அளக்கிறது. ஆனால் குழந்தையின் தண்டுவடம் மெல்லியது, இதயத் துடிப்புக்கேற்ப அசைவது; அளவீடு எளிதில் பிழைபடும். ஆகவே இது துணைச் சான்றுதான், முடிவான தீர்ப்பு அல்ல. ஒரு படத்தை நம்பி இயன்முறைப் பயிற்சியைக் கைவிடுவது பெரும் தவறு.

“மயக்க மருந்து இல்லாமல் குழந்தைக்கு எடுக்கவே முடியாது.”

கைக்குழந்தைக்குப் பாலூட்டி, துணியில் சுற்றித் தூங்கவைத்தே பல நேரங்களில் எடுத்துவிடுகிறார்கள். சற்று வளர்ந்தவர்களில் பலர், முன்கூட்டியே பழக்கினால் அசையாமல் படுப்பார்கள். மயக்க மருந்து தேவைப்படும் குழந்தைக்கு அதற்கென உள்ள மருத்துவரின் கண்காணிப்பில் தருகிறார்கள்.

அடிபட்ட குழந்தையின் கால் மரத்தாலோ, நடை தளர்ந்தாலோ, சிறுநீர் கட்டுப்படாவிட்டாலோ, எக்ஸ்ரே சரியாக இருக்கிறதென்று இருந்துவிடாதீர்கள். உடனே மருத்துவமனைக்குச் சென்று, எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேளுங்கள்.