வீடியோ காலில் கைது செய்ய முடியுமா?

கேள்வி: கும்பகோணம் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய மாமனாருக்கு 71 வயது, ஓய்வுபெற்ற ஆசிரியர். அவர் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்ததாகச் சொல்லி, 'மும்பை போலீஸ்' என்று வாட்ஸ்அப் வீடியோ காலில் வந்தவர்கள் இரண்டு நாள் அவரை அறையைவிட்டு வெளியே வரவிடவில்லை. வைப்புத்தொகையை முறித்து 9 லட்சம் ரூபாய் அனுப்பியிருக்கிறார். 'தானே அனுப்பிய பணத்துக்கு வழக்கு நிற்காது' என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அது சரியா? பணம் திரும்ப வருமா?

பதில்: சரியில்லை. நம்பவைத்து, ஏமாந்தவர் கையாலேயே பொருளைக் கொடுக்கவைப்பதுதான் சட்டத்தின் பார்வையில் மோசடி. பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4) பிரிவு இதற்கு 7 ஆண்டு வரை சிறை என்கிறது. போலீஸ் வேடத்துக்கு 204, ஆள்மாறாட்டத்துக்கு 319, மிரட்டிப் பறித்ததற்கு 308, இணையவழி ஆள்மாறாட்ட மோசடிக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி என்று பிரிவுகளுக்குப் பஞ்சமில்லை. மேற்கு வங்கத்தின் கல்யாணி நீதிமன்றம் 2025 ஜூலையில் இதே மாதிரி வழக்கில் 9 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்திருக்கிறது.

இப்படி வீடியோ காலில் ஆளை அடைத்துவைக்கும் 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

உண்மையான கைது எப்படி நடக்க வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சொல்கிறது. வரும் அதிகாரியின் பெயர் பளிச்சென்று தெரிய வேண்டும். கைதுக் குறிப்பு எழுதி, குடும்பத்தாரோ அந்தப் பகுதியில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்ல வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்த வேண்டும். 'மருமகளிடம்கூட மூச்சு விடாதே, கேமராவை அணைக்காதே' என்று மிரட்டியவர்கள் சொன்னது இதற்கு நேர் எதிர். சாட்சியாக விசாரிப்பதென்றால்கூட 60 வயதைத் தாண்டியவரை அவர் குடியிருக்கும் இடத்தைவிட்டு வேறெங்கும் வரச் சொல்லக் கூடாது என்கிறது 179-ஆம் பிரிவு. நேரில் ஆஜராகச் சொல்லும் போலீஸ் நோட்டீசை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

வாத்தியார் இப்படி ஏமாறலாமா என்று வீட்டில் யாரும் குத்திக்காட்ட வேண்டாம். 2024-ல் 7 கோடி ரூபாயைப் பறிகொடுத்தவர், நாடறிந்த நெசவுத் தொழிலதிபர், வர்த்தமான் குழுமத் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால். அவருக்காக ஸ்கைப்பில் ஓர் 'உச்ச நீதிமன்ற விசாரணை'யே நடந்தது. அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் பெயரில் ஒருவன் பேசினான். முகம் தெரியவில்லை, குரலும் மேசையைத் தட்டும் ஓசையும் மட்டும் கேட்டன. (சுத்தியல் தட்டும் நீதிபதியை நம்மூரில் சினிமாவில்தான் பார்க்கலாம்.) புகார் போனதும் பஞ்சாப் போலீஸ் கணக்குகளை முடக்கி 5.25 கோடியை மீட்டது.

ஆகவே, பணம் வருமா என்பது பெரும்பாலும் வேகத்தைப் பொறுத்தது. இப்படிப் போகும் பணம் வாடகைக்கு எடுத்த கணக்குகள் வழியே சில நிமிடங்களில் பல கூறாகிவிடும். 1930-ஐ அழைத்தோ சைபர் குற்றத் தேசிய இணையதளத்திலோ புகார் பதிவானால், அந்தச் சங்கிலியில் எங்கே பணம் நிற்கிறதோ அங்கே முடக்கலாம். மும்பைக்கு ஓட வேண்டியதில்லை. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் கும்பகோணம் காவல் நிலையம் புகாரை வாங்கியாக வேண்டும். பாஸ்புக் வரவு-செலவு, பணம் அனுப்பியதற்கான யுடிஆர் எண், அழைப்புப் பதிவு, அவர்கள் அனுப்பிய போலி உத்தரவு எல்லாம் தேவைப்படும். அவமானமாக இருக்கிறதென்று மாமனார் அந்த வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முடக்கப்பட்ட தொகையைத் திரும்பப் பெற மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றத்தில் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 503-ஆம் பிரிவின் கீழ் மனுப் போடலாம்.

வங்கியிடம் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்தால் வாடிக்கையாளருக்கு நஷ்டமில்லை என்னும் ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை, அவருக்குத் தெரியாமல் நடந்த பரிவர்த்தனைக்கானது. ஆனால் புகார் போன பிறகும் வங்கி அசட்டையாக இருந்திருந்தால் கதை வேறு. எழுத்தில் முறையிட்டு, 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.

இன்னொன்று: 'உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் மட்டும் கட்டுங்கள்' என்று இனி யாராவது அழைக்கக்கூடும். அந்த எண்ணையும் அதே புகாரில் சேர்த்துவிடலாம்.