ஹெர்பீஸ்: எந்த ஸ்பரிசத்திற்கு அஞ்சுவது?

உதட்டோரத்தில் நாலைந்து நீர்க்கொப்புளங்கள் கொத்தாகக் கிளம்பி, எரிந்து, உடைந்து, பொருக்குத் தட்டிப் பத்து நாளில் மறைவதைப் பூச்சிக்கடி என்றும் உடற்சூடு என்றும் சொல்லி விட்டுவிடுகிற நாம், அதற்கே வைத்தியர் ஹெர்பீஸ் என்று பெயரிட்ட மாத்திரத்தில் அந்த மனிதருடைய தட்டையும் தம்ளரையும் தனியே எடுத்து வைத்துவிடுகிறோம். முன்னதில் உள்ள அலட்சியமும் பின்னதில் உள்ள பீதியும் ஓர் அறியாமையிலிருந்தே பிறந்தவை. உலக சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டு நிலவரத்தைக் கொண்டு செய்த மதிப்பீட்டின்படி, 50 வயதுக்குட்பட்டவர்களில் சுமார் 380 கோடிப் பேர், அதாவது 64 சதவீதத்தினர், இந்நோய்க்குக் காரணமான வைரஸின் முதல் வகையைச் சரீரத்தில் தாங்கியிருக்கிறார்கள். ஒதுக்குவதென்றால் உலகத்தில் பெரும்பாலோரை ஒதுக்க வேண்டியிருக்கும்.

கழிப்பறை இருக்கையிலும் நீச்சல் குளத்திலும் பிறர் துவைத்த துணியிலும் இது ஒட்டிக்கொள்ளும் என்பது பரவலான நம்பிக்கை. கொழுப்பாலான மெல்லுறை போர்த்த இந்த வைரஸ், உடலை விட்டு வெளியேறி உலர்ந்த பின் அதிக நேரம் வீரியத்தோடு நிற்பதில்லை. சோப்பு பட்டாலோ அந்த உறையே கரைந்துவிடும். புண் ஈரமாக இருக்கும் நாட்களில் உதட்டுக் களிம்பையும் முகத்துண்டையும் பகிராதிருப்பது விவேகம்; கழுவிய பாத்திரத்துக்கு அஞ்சுவதில் அர்த்தமில்லை.

அப்படியானால் தொட்டாலே தொற்றுமா? ஓடு வேய்ந்த கூரை போல உயிரற்ற செதில்கள் அடுக்கடுக்காக மூடிய, காயமற்ற சருமத்தை இந்த வைரஸால் எளிதில் ஊடுருவ இயலாது. ஆகவே கைகுலுக்கியதால் வந்துவிடும் என்ற அச்சம் வேண்டாம். வாய், கண், பிறப்புறுப்பு ஆகியவற்றின் ஈரமான மென்சவ்வும், சிராய்ப்புள்ள தோலுமே அதற்கு வாசல்கள். அமெரிக்காவின் மினசோட்டாவில் 1989-ஆம் ஆண்டு நடந்த மல்யுத்தப் பயிற்சி முகாம் இதற்குத் தெளிவான சாட்சி. கன்னத்தோடு கன்னமும் கழுத்தோடு கழுத்தும் உராயப் பிடித்துப் புரண்ட 175 இளைஞர்களில் 60 பேருக்கு முகத்திலும் கழுத்திலும் கைகளிலும் ஹெர்பீஸ் கண்டது. அவர்களில் சிலர் கொப்புளம் தோன்றிய பின்னும் களத்தில் இறங்கியிருந்தனர். கையுறை அணியாத காலத்துப் பல் வைத்தியர்களின் விரல்நுனியில் இதே புண் வந்ததும் இவ்விதமே. (குயவர் காவியால் எழுதுகிற அக்கி வேறு, அது சின்னம்மை வைரஸ் மீண்டும் தலைதூக்குவதால் வருவது.)

புண் இல்லாதபோது ஆபத்தும் இல்லை என்பதே எல்லாவற்றினும் தீங்கான நம்பிக்கை. நரம்பு முடிச்சுகளில் ஆயுள் முழுவதும் உறங்குகிற இந்த வைரஸ், வெளித்தோற்றத்தில் எந்த அடையாளமும் காட்டாமலே அவ்வப்போது சருமத்தின் மேற்பரப்புக்கு வந்து போகிறது. பிறப்புறுப்பு ஹெர்பீஸ் பெரும்பாலும் இப்படித்தான், தமக்கு இருப்பதையே அறியாதவர்களிடமிருந்து பரவுகிறது. ஆணுறை அபாயத்தைக் குறைக்கும். அது மூடாத இடம் இருப்பதால் முற்றும் நீக்காது. தொற்றுள்ளவர் தினமும் வாலசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை உட்கொள்வது துணைவருக்குப் பரவும் வாய்ப்பை ஏறத்தாழப் பாதியாக்கும் என 2004-இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

இதை அறியாததால் குடும்பங்களில் நேரும் அநியாயத்தையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மணமாகிப் பல ஆண்டுகள் கழித்து ஒருவருக்கு முதன்முதலாகப் புண் தோன்றினால், துரோகம் நிரூபணமாகிவிட்டதென்று தீர்ப்பளித்து விடுகிறார்கள். மணத்திற்கு முன்பே வந்து ஓசையின்றிக் கிடந்த வைரஸாக அது இருக்கலாம். குழந்தைப் பருவத்து முத்தத்தால் ஒருவர் உதட்டில் குடியேறிய முதல் வகை, வாய்வழி உறவினால் மற்றவருடைய பிறப்புறுப்புக்குச் சென்றதாகவும் இருக்கலாம். கொப்புளத்தைப் பார்த்துத் தொற்றின் வயதை எந்த வைத்தியராலும் கணிக்க இயலாது.

மெய்யாகவே அஞ்ச வேண்டிய ஸ்பரிசம் ஒன்றுண்டு. பிறந்து சில வாரங்களே ஆன சிசுவின் மூளையையும் ஈரலையும் இந்த வைரஸ் தாக்கி உயிரையே பறிக்கக்கூடும். குழந்தை பார்க்க வருகிறவர் பாட்டியானாலும் அத்தையானாலும், உதட்டில் புண் இருந்தால் அது முற்றும் ஆறும்வரை முத்தமிடாமல் இருக்க வேண்டும். அதைக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. தாய்க்கே உதட்டில் புண் வந்தால், அதைத் துணியால் மறைத்து, கையை நன்றாகக் கழுவிக்கொண்டு, மார்பில் புண் இல்லாதவரை தாராளமாகப் பாலூட்டலாம்.