நம்பிக்கைகளும் உண்மைகளும்: கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய வீடு விலைக்கு வந்தால்

"வீட்டைக் கணக்கில எடுக்காதீங்க, காணிக்குத்தான் விலை." கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ பழைய வீடொன்று விற்பனைக்கு வந்தால் தரகர் முதலில் சொல்வது இதைத்தான். வாங்க வருபவரும் பேர்ச் கணக்கில் விலை பேசிவிட்டு, இடிக்க எவ்வளவு செல்லும் என்று விசாரிக்கத் தொடங்குகிறார். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளில் இப்படித்தான் வீடுகள் போய்த் தொடர்மாடிகள் எழும்பின. கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதிப் பக்கமும் புனித லூசியாள் பேராலயத்தின் சுற்றுவட்டத்திலும் இன்னும் சில மிஞ்சியிருக்கின்றன. தெருவோடு ஒட்டிய முகப்பு, ஒடுங்கி நீண்ட உட்புறம், நடுவில் முற்றம், அயல்வீட்டோடு பொதுச்சுவர். இவற்றைப் பற்றி ஊரில் உலவும் கதைகளில் சிலதை நம்பி நல்ல வீட்டை இடிக்கிறார்கள். வேறு சிலதை நம்பி வில்லங்கத்தை விலைகொடுத்து வாங்குகிறார்கள்.

நூறு வயது தாண்டிய வீட்டில் ஆணி அடிக்கவும் தொல்பொருளியல் திணைக்களம் விடாது என்பது பரவலான பயம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் கோடு கிழித்திருப்பது 1815 மார்ச் 2 என்ற நாளில். கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள் அது. கொட்டாஞ்சேனையில் எஞ்சியிருக்கும் வீடுகளில் மிகப் பெரும்பாலானவை அதற்குப் பிந்தியவை. பிந்திய கட்டடத்தையும் வர்த்தமானியில் அறிவித்துப் பாதுகாக்கலாம். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இந்த வீடு வர்த்தமானியில் வந்திருக்கிறதா? வரவில்லை என்றால் திருத்துவதற்குப் பயப்படத் தேவையில்லை. எனக்குக் கவலை தருவது இதன் மறுபக்கம். அறிவிப்பு இல்லாத அழகான வீட்டைக் காப்பாற்றச் சட்டமும் வராது. உரிமையாளரின் மனம்தான் அதற்கு ஒரே காவல்.

அடுத்தது, "சுவர் உக்கிப் போச்சு" என்ற தீர்ப்பு. மேசன் ஒரு ஆணியால் சுவரைக் கீறுகிறார். பூச்சு பொலபொலவென்று உதிர்கிறது, உள்ளே வெள்ளைத் தூளாக உப்புப் பூத்திருக்கிறது, தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்கு ஈரம். பார்ப்பவர் நம்பிவிடுகிறார். ஆனால் அந்தச் சுவர் செங்கல்லாலோ கபொக் கல்லாலோ சுண்ணாம்புச் சாந்தில் கட்டப்பட்டது. சுண்ணாம்புச் சாந்து இயல்பிலேயே மெதுமையானது. நிலத்திலிருந்து ஏறும் ஈரத்தை வெளியே விட்டுவிடும். இடையில் யாரோ அதன்மேல் சீமெந்து பூசி, அதற்கும் மேல் பிளாஸ்டிக் பெயின்ற் அடித்திருப்பார்கள். வெளியேற வழியில்லாத ஈரம் சுவருக்குள்ளேயே மேலே ஏறும், உப்பு உள்ளே படிகமாகிப் பூச்சைத் தள்ளும். கடற்காற்று அதற்கு இன்னும் துணை. சீமெந்துப் பூச்சைக் கொத்தி எடுத்து, சுவரை மாதக்கணக்கில் காயவிட்டு, மறுபடி சுண்ணாம்பு பூசினால் உக்கியதாகச் சொல்லப்பட்ட பல சுவர்கள் நிமிர்ந்து நிற்கும். அதற்குமுன் கூரையைப் பார்க்க வேண்டும். இரண்டு வீட்டுக் கூரைகள் சந்திக்கும் பீலியில் ஓட்டை என்றால், ஒழுகும் நீர் சுவரின்மேல் கிடக்கும் வளையை முதலில் தின்னும், கறையான் பின்னால் வரும். முதிரை, தேக்குக் கதவுகளும் நிலைகளும் பெரும்பாலும் பிழைத்திருக்கும். அவற்றைப் பழைய மரமாக நிறுத்து விற்பதைப் பார்க்க வயிறு எரிகிறது.

இடித்துக் கட்டினால் இலாபம் என்பதும் எப்போதும் சரியல்ல. முகப்பு தெருவோடு நிற்கும் வீட்டை இடித்தால், புதுக் கட்டடம் மாநகர சபையின் வீதி எல்லைக்கோட்டுக்குப் பின்னால்தான் எழும்பலாம். ஆறு, ஏழு பேர்ச்சில் அந்த இழப்பு சிறிதல்ல. பொதுச்சுவரை அசைத்தால் அயல்வீட்டுக்காரரோடு வழக்கு. விலை பேசுமுன் சபையில் வீதி எல்லைக்கோட்டுச் சான்றிதழை எடுத்துவிட வேண்டும். சிறு வீடுகளைக் காப்பாற்றி என்ன செய்யலாம் என்பதற்குக் கொழும்பிலேயே சாட்சி உண்டு. கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவா 1950களின் இறுதியில் பகத்தலை வீதியோரம் 33ஆம் ஒழுங்கையில் நான்கு சிறு வீடுகள் கொண்ட வரிசையில் ஒன்றில் குடியேறினார். 1968 அளவில் நான்கையும் ஒன்றாக இணைத்துவிட்டார். 11ஆம் இலக்கம் என்று இன்று உலகக் கட்டடக்கலைஞர்கள் தேடிவந்து பார்ப்பது அந்த வீட்டைத்தான். அதன் உட்புறத்தில் செட்டிநாட்டிலிருந்து வந்த பழைய தூண்கள் நிற்கின்றன.

சுவரைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது உறுதியை.

"தம்பி முப்பது வருஷமா அங்கதான் இருக்கிறார், வீடு அவருக்குத்தான்." 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் பத்து ஆண்டு என்று சொல்வது மெய்தான். ஆனால் அது உரிமையாளருக்கு எதிரான ஆட்சியாக இருக்க வேண்டும். கூட்டு உரிமையாளர் ஒருவர் வீட்டில் இருப்பது எல்லோர் சார்பிலும் இருப்பதாகவே கொள்ளப்படும் என்பதைப் பிரிவிக் கவுன்சில் 1911இலேயே இலங்கை வழக்கொன்றில் உறுதிப்படுத்திவிட்டது. லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் அக்காமாரின் பங்கு அப்படியே இருக்கிறது. அவர்களும் கையெழுத்து வைக்க வேண்டும். சோலைவரிப் பற்றுச்சீட்டு எவர் பெயரில் இருந்தாலும் அது உரிமையைக் காட்டாது.

விற்றால் வாடகைக்காரர் எழும்பிவிடுவார் என்பதும் பிழை. நமது ரோமன் டச்சுச் சட்டத்தில் விற்பனையால் வாடகை முறியாது. 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்தின் கீழ் வரும் பழைய குடித்தனம் என்றால், குடியிருந்தவர் இறந்தபின் அது அவர் குடும்பத்தாருக்கும் தொடரக்கூடும். பின்கட்டில் ஒரு முதியவர் சொற்ப வாடகையோடு இருக்கிறார் என்றால் அவரோடு பேசாமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.

வெள்ளவத்தையில் இன்னொன்றும் உண்டு. 1983 ஜூலை இனக்கலவரத்தில் எரிந்த வீடுகளை அவசரகால விதிகளின் கீழ் அரசு பொறுப்பேற்றுப் பின்னர் உரிமையாளருக்குத் திருப்பிக் கொடுத்தது. அந்த வீடுகளில் ஒன்று என்றால், திருப்பிக் கொடுத்த ஆவணம் காணிப் பதிவகத்தில் பதிந்திருக்கிறதா என்று உங்கள் சட்டத்தரணி பார்க்க வேண்டும்.

"தேசவழமை யாழ்ப்பாணத்தோட சரி" என்று சட்டம் படித்தவர்களும் சொல்லக் கேட்கலாம். கூட்டு உரிமையாளருக்கு முன்வாங்கும் உரிமை வட மாகாணக் காணிக்கு மட்டுமே, அது உண்மை. ஆனால் தேசவழமை ஆளோடு போகும் சட்டமும்கூட. அதற்குட்பட்ட மணமான பெண் தன் பெயரிலுள்ள கொட்டாஞ்சேனை வீட்டை விற்கவும் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும் என்கிறது 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். கணவர் இருக்குமிடம் தெரியாதபோதும், காரணமின்றி மறுக்கும்போதும் மாவட்ட நீதிமன்றம் அனுமதி தரலாம். போரில் கணவனைத் தொலைத்த பெண்கள் தம் சொத்தை விற்கவே நீதிமன்றப் படி ஏற வேண்டியிருப்பது அநியாயம். மாற்ற வேண்டிய சட்டம். மாறும்வரை அந்த உத்தரவு இல்லாத உறுதி ஆபத்தானது.

கடைசியாக வெளிநாட்டு உறவுகளுக்கு. பிற நாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவர் இங்கே காணியோடு கூடிய வீட்டை வாங்க 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் தடை போடுகிறது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கும், நெருங்கிய உறவினரின் சொத்து முதுசமாக வருபவருக்கும் அந்தத் தடை இல்லை. அற்றோணித் தத்துவம் கொடுத்து விற்பவர் பக்கம் இன்னொரு பொறி: கொடுத்தவர் இறந்த கணமே அந்தத் தத்துவமும் செல்லாது. பத்து வருடத்துக்கு முந்திய பத்திரத்தை ஒருவர் நீட்டினால், நொத்தாரிசிடம் போகுமுன் வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளரோடு நீங்களே வீடியோ அழைப்பில் பேசிக்கொள்ளுங்கள்.