இல்லத்தில் ஒரு சிறு வானாய்வுக் கூடம்

1610ஆம் ஆண்டு சனவரித் திங்களில், ஏறத்தாழ 20 மடங்கு பெருக்கிக் காட்டும் தொலைநோக்கி கொண்டு, வியாழனைச் சுற்றும் நான்கு நிலவுகளைக் கலிலியோ கண்டார். அக்காட்சியை நாமும் நம் வீட்டு முற்றத்திலிருந்தே காணலாம்.

கருவி வாங்குங்கால், பெட்டியின்மேல் அச்சிட்ட பெரிய எண்களைக் கண்டு நாம் மயங்கலாகாது. 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள முகப்பு வில்லைக்கு ஏறத்தாழ 120 மடங்கே எல்லை. அதற்குமேல் உருவம் மங்கும். குவியத் தூரம் 700 மில்லிமீட்டராகவும், கண்ணருகு வில்லை 20 மில்லிமீட்டராகவும் இருப்பின், 700ஐ 20ஆல் வகுக்க 35 மடங்கு கிடைக்கும். கலிலியோவின் கருவியை விட இது மிகுதி. தொடக்கத்திற்கு இதுவே போதும்.

முக்காலி அசையாதிருத்தல் இன்றியமையாதது. அதன் கால்களை முழுதும் நீட்டாமல் இறுகிய தரையில் ஊன்றி, நடுவில் மணற்பை ஒன்றைத் தொங்கவிட்டால் ஆட்டம் குறையும். கருவியின் மேலுள்ள சிறு குறிகாட்டிக் குழலைப் பகலிலேயே, கதிரவன் நம் முதுகுப்புறம் இருக்க, தொலைவிலுள்ள மரத்தின் உச்சியை நோக்கிச் சரிசெய்து கொள்ளலாம்.

மாணவர்களே, தொலைநோக்கியால் கதிரவனை ஒருபோதும் நோக்காதீர்கள்! குவிந்த ஒளி நொடியில் பார்வையைப் பறித்துவிடும். கண்ணருகு வில்லையில் பொருத்தும் கறுப்புக் கண்ணாடியும் வெப்பத்தால் வெடிக்கக்கூடும், அதனை நம்பலாகாது.

நம் நாட்டின் ஈரக் காற்றில் வில்லைகளில் பூஞ்சணம் படரும். ஆதலின், பனியீரம் உலர்ந்த பின்னரே கருவியை மூடி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளுடன் பெட்டியில் வைத்தல் வேண்டும்.

பெற்றோர்களே, மேகமற்ற ஓர் இரவில் முற்றத்து விளக்கை அணைத்துவிட்டுப் பிள்ளைகளோடு அமருங்கள். அரை மணி நேரத்தில் கண்கள் இருளுக்குப் பழகும். நம் தலைக்குமேல் உள்ள பெருஞ்செல்வம் புலப்படும்.