ஆடியதும் ஆடவிருப்பதும்: ‘வெண்பா’ காணொளி விளையாட்டில் பாட மீட்பும் கம்மாபுரத்து எதிர்நோக்கும்

ஆய்வுச் சுருக்கம்

கனடாவின் டொரண்டோ நகரில் இயங்கும் விசை கேம்ஸ் நிறுவனம் 2023ஆம் ஆண்டு வெளியிட்ட ‘வெண்பா’ என்னும் காணொளி விளையாட்டை, அது ஆடுவோரைச் செய்யவைக்கும் செயலின் வழியே இக்கட்டுரை ஆராய்கிறது. சிதைந்த சமையல் ஏட்டை நிறைவுசெய்யும் அச்செயல் தமிழ்ப் பதிப்பு மரபின் பாட மீட்போடு ஒப்புநோக்கப்படுகிறது. அதன் வழியே, கடலூர் மாவட்டம் கம்மாபுரம் பகுதியின் நிலச்சூழலிலிருந்து எதிர்பார்க்கத்தக்க விளையாட்டு எத்தகையது என்பதும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: காணொளி விளையாட்டு, வெண்பா, பாட மீட்பு, கம்மாபுரம், நெய்வேலி, விதி.

முன்னுரை

உவகை பிறக்கும் நிலைக்களன்களாகச் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்னும் நான்கினைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் சுட்டுகிறது. கெடவரல், பண்ணை என்னும் இரு சொற்களும் விளையாட்டுப் பொருளன என்று உரியியல் கூறுகிறது. இலக்கணம் இவ்வாறு இடமளித்த ஒரு பொருளுக்கு இன்றைய தமிழ்த் திறனாய்வு அளித்துள்ள இடம் மிகச் சிறிது. திரைப்படம் குறித்து நூற்றுக்கணக்கான ஆய்வேடுகள் எழுந்துள்ளன. காணொளி விளையாட்டோ பெரும்பாலும் மாணவர் ஒழுக்கச் சிக்கலாகவும் சட்டச் சிக்கலாகவுமே பேசப்படுகிறது.

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பணம் வைத்து ஆடும் இணையச் சூதினையும் கதை சொல்லும் விளையாட்டினையும் வழக்குத் தமிழ் ‘ஆன்லைன் கேம்’ என்னும் ஒரே தொடரால் குறிக்கிறது. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டு இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டமும், 2025 ஆகஸ்டில் இயற்றப்பட்ட ஒன்றிய அரசின் இணைய விளையாட்டுச் சட்டமும் பண இழப்பால் நேர்ந்த துயரங்களின் பின்னணியில் எழுந்தவை. பின்னது மின்விளையாட்டுப் போட்டி, சமூக விளையாட்டு, பண விளையாட்டு என மூவகையைப் பிரித்துக் காட்டுகிறது. சட்டம் செய்த இப்பாகுபாட்டைத் திறனாய்வு இன்னும் செய்யவில்லை.

ஆடிய விளையாட்டுகளின் நினைவு

கம்மாபுரம், விருத்தாசலம் வட்டத்தில் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களை அடுத்துள்ள ஊராட்சி ஒன்றியத் தலைமையூர். இத்தகைய ஊர்களில் ஒரு தலைமுறையின் விளையாட்டு வரலாற்றை இருகட்டமாகக் காணலாம். முதற்கட்டம் நகர்ப்புறத்து பிரவுசிங் சென்டர்களுக்கு உரியது. 2002இல் வெளியான ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: வைஸ் சிட்டி’ தமிழ்நாட்டு இளைஞர் பலருக்குக் காணொளி விளையாட்டின் அரிச்சுவடியாக அமைந்தது. இரண்டாம் கட்டம் 2016 செப்டம்பரில் ஜியோ வருகையால் இணையக் கட்டணம் வீழ்ந்தபின் தொடங்குகிறது. கணினி இல்லாத வீட்டிலும் கைப்பேசி இருந்தது. பப்ஜி மொபைலும் ஃப்ரீ ஃபயரும் அதன் வழியே ஊருக்குள் வந்தன.

இவ்விரண்டின் முடிவும் நோக்கத்தக்கது. பப்ஜி மொபைல் 2020 செப்டம்பர் 2 அன்று தடைசெய்யப்பட்டது. அக்டோபர் இறுதியில் அதன் வழங்கிகள் இந்தியாவுக்கு நிறுத்தப்பட்டன. ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியில் தடைக்குள்ளாயிற்று. தடைசெய்யப்பட்ட நூலின் படி எங்கேனும் ஒரு பரணில் எஞ்சும். வழங்கியை நம்பிய விளையாட்டு, நிறுத்திய அன்றே இல்லாமற் போகிறது. மாதக்கணக்கில் நான்கு நண்பர் சேர்ந்து சுற்றிய தீவுக்கு மறுநாள் வழியில்லை. நாட்டுப்புற விளையாட்டுகளின் அழிவைப் பற்றி மிகுதியாக எழுதும் தமிழாய்வு, இவ்வழிவையும் அழிவாகக் கொள்ளாதது வியப்பே. பப்ஜியின் இந்திய வடிவம் 2021இல் வேறு பெயரில் மீண்டதென்பது உண்மை. ஆயினும் தடைக்காலத்தில் ஆடியவர் தம் நினைவை எங்கும் எழுதி வைத்தாரில்லை.

‘வெண்பா’: பெயரும் கதையும்

2023 ஜூலை 31 அன்று வெளியான ‘வெண்பா’ அளவிற் சிறியது. இரண்டு மணி நேரத்திற்குள் ஆடி முடித்துவிடலாம். 1988இல் கதை தொடங்குகிறது. தமிழ்நாட்டிலிருந்து கனடாவில் குடியேறிய வெண்பாவும் அவள் கணவன் பாவலனும், அங்கே பிறந்து வளரும் மகன் கவினுமே கதைமாந்தர். பாவின் பெயர், பாடுவோன் பெயர், அழகின் பெயர் என மூன்று பெயர்களும் ஓர் யாப்பு நூலிலிருந்து இறங்கி வந்தன போலுள்ளன. நிறுவனத்தின் பெயரான ‘விசை’யும் தமிழே. இவ்விளையாட்டு 2024இல் தனிநிலை விளையாட்டு விழாவின் ஷூமஸ் மெக்நாலி பெரும்பரிசையும், பாஃப்டாவின் சிறந்த முதற்படைப்பு விருதையும் பெற்றது.

புலம்பெயர்வு, தாய்மொழி இழப்பு, மகனின் விலகல் என்னும் பொருள்கள் ஈழத்துப் புலம்பெயர் இலக்கியத்தில் பயின்றவைதாம். அவற்றை மட்டும் எடுத்துக்காட்டி இதனைப் புலம்பெயர் படைப்பு வரிசையில் சேர்ப்பது எளிது. அவ்வாறு செய்தால் விளையாட்டாக இது என்ன செய்கிறது என்னும் வினா விடுபட்டுப் போகும்.

சிதைந்த ஏடும் ஆடுவோர் கையும்

வெண்பாவின் தாய் தந்த சமையல் குறிப்பேடு கிழிந்தும் கறைபட்டும் போயிருக்கிறது. சில வரிகள் தெரிகின்றன, சில மறைந்துள்ளன. எஞ்சிய எழுத்தையும் படத்தையும் துணைக்கொண்டு மறைந்த படிநிலையை ஆடுவோர் கண்டுபிடித்துச் சமைக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எவ்வாறு அடுக்கினால் ஆவி மேலேறும்? புட்டுக் குழலில் மாவும் தேங்காய்த் துருவலும் எம்முறையில் அமையும்? ஏட்டில் விடை முழுமையாக இல்லை. பொருளின் இயல்பை எண்ணிப் பார்த்தே அறிய வேண்டும். தவறினால் வேகாத இட்லி வரும், மீண்டும் தொடங்கலாம்.

தமிழ்த்துறை சார்ந்தோர்க்கு இச்செயல் புதிதன்று. செல்லரித்த சுவடியில் எழுத்து விட்ட இடத்தை யாப்பாலும் பொருளாலும் நிரப்பும் பதிப்பாசிரியர் பணி இதுவே. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கும் முன், சமயச் சொற்கள் விளங்காமல் கும்பகோணத்துச் சமணரிடம் சென்று கேட்டறிந்தது பலரும் அறிந்த செய்தி. சுவடியில் இல்லாததை வாழும் வழக்கம் காட்டிக் கொடுத்தது. ‘வெண்பா’வின் அடுக்களையும் அவ்வழியே செல்கிறது. ஏட்டில் அழிந்ததை ஆவி செல்லும் வழி பற்றிய கைப்பழக்கம் மீட்டுத் தருகிறது. வெண்பா யாப்பு அறிந்தார்க்கு இங்கு மற்றொன்றும் தோன்றும். வெண்டளை பிழையாது வரவேண்டும் என்னும் விதி உள்ளமையால், சிதைந்த வெண்பாவில் விடுபட்ட சீர் நேரில் தொடங்குமா நிரையில் தொடங்குமா என்பதைப் பதிப்பாசிரியர் உய்த்துணர முடிகிறது. விதி இறுக்கமாயின் மீட்பு எளிதாகிறது. இப்பெயரைத் தேர்ந்தோர் இதனை எண்ணினரோ இல்லையோ, பெயர் பொருந்துகிறது.

இவ்விளையாட்டின் பிற்பகுதியில் ஆடுவோர் வெண்பாவின் நிலையிலிருந்து கவினின் நிலைக்கு மாற்றப்படுகிறார். முன்பு தாயாக நின்று எளிதிற் செய்ததை, தாய்மொழியில் தடுமாறும் மகனாக நின்று செய்ய வேண்டியுள்ளது. நாவல் இதனைச் சொல்லிக் காட்டும். திரைப்படம் நடித்துக் காட்டும். ஆடுவோர் கையே தயங்குமாறு செய்வது விளையாட்டுக்கு மட்டும் இயலும்.

குறை ஒன்று

பரிசு பெற்ற படைப்பாயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அடுக்களையில் ஆடுவோர்க்கு இருக்கும் செயலுரிமை கூடத்தில் இல்லை. வெண்பாவுக்கும் கவினுக்கும் இடையே மனக்கசப்பு வளரும் காட்சிகளில் ஆடுவோர் பெரும்பாலும் பார்வையாளரே; கதைப் போக்கைத் திருப்பும் வாய்ப்பு அரிது. இட்லி கெட்டால் மீண்டும் வைக்கலாம். மகனிடம் சொன்ன ஒரு சொல் கெட்டால் மீண்டும் சொல்ல முடியாது என்பதே கதையின் துயரம் என்று வாதிடலாம். அவ்வாதம் ஓரளவே ஏற்கத்தக்கது. சமையலின் விதிகளை இவ்வளவு நுட்பமாக வகுத்தவர்கள் உறவின் விதிகளை வகுக்க முயலவில்லை என்பதே உண்மை.

மற்றொரு தடையும் உண்டு. வெளியானபோது இவ்விளையாட்டு நிண்டெண்டோ சுவிட்ச், பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ், கணினி ஆகியவற்றுக்கே வந்தது. கைப்பேசியே ஒரே கருவியாகவுள்ள கம்மாபுரத்து மாணவருக்கு, தம் வீட்டு இட்லிப் பானையைப் பற்றிய விளையாட்டு எட்டவில்லை. தென்கொரிய நிறுவனம் வகுத்த தீவு எட்டிற்று.

எதிர்நோக்கும் விளையாட்டுகள்

எதிர்பார்ப்பே இன்று ஒரு வணிகப் பொருள். ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 6’இன் முதல் முன்னோட்டம் 2023 டிசம்பரில் வந்தது. வெளியீடு 2025 என்றிருந்து 2026 மே எனவும், பின்னர் 2026 நவம்பர் 19 எனவும் தள்ளி அறிவிக்கப்பட்டது. விளையாட்டு வருமுன்னே அதைப் பற்றிய பேச்சில் ஆண்டுகள் கழிகின்றன. இந்த எதிர்பார்ப்பில் தமிழர்க்கு நுகர்வோர் என்னும் இடமன்றி வேறிடம் இல்லை.

வேறுவகை எதிர்பார்ப்புக்குப் போலந்து நாடு சான்றாகிறது. வார்சா நகரின் 11 பிட் ஸ்டுடியோஸ் 2014இல் வெளியிட்ட ‘திஸ் வார் ஆஃப் மைன்’ போர்க்கால முற்றுகையில் சிக்கிய பொதுமக்களின் பிழைப்பைப் பொருளாகக் கொண்டது. அதனைப் பள்ளி மாணவர்க்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்ப்பதாகப் போலந்து அரசு 2020இல் அறிவித்தது. அந்நிறுவனமே 2018இல் வெளியிட்ட ‘ஃபிராஸ்ட்பங்க்’, நிலக்கரியால் இயங்கும் ஒரு பெருங்கொதிகலனைச் சுற்றி உறைபனியில் நகரமைக்கும் விளையாட்டு. கரி வேண்டும், கரி வெட்ட ஆள் வேண்டும், ஆள் போதாதபோது சிறுவரைச் சுரங்கத்துக்கு அனுப்பும் சட்டத்தை ஆடுவோரே இயற்றலாம். கெடுவினை செய்தது நிரற்பொறி அன்று, தாமே என்பதை ஆடுவோர் பின்னர் உணர்வர்.

கரியும் மின்சாரமும் ஊரும் மோதும் களம் கம்மாபுரத்தைச் சுற்றி மெய்யாகவே உள்ளது. 1956இல் நிறுவப்பட்ட நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் திறந்தவெளிச் சுரங்கங்கள் ஒரு தனி விதிக்குக் கட்டுப்பட்டவை. கரிப்படிவத்துக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீர் இடைவிடாது இறைக்கப்படாவிடின் சுரங்கத்தின் அடித்தளமே பிளக்கும். இறைத்தாலோ சுற்றுப்புறக் கிணறுகள் தாழ்கின்றன என்பது வேளாண் மக்களின் நெடுநாள் முறையீடு. சுரங்கம் வேலையையும் மாநிலத்துக்கு வெளிச்சத்தையும் தருகிறது. விரிவாக்கம் நிலத்தைக் கேட்கிறது. 2023 ஜூலையில் கடலூர் மாவட்டத்து வளையமாதேவியில் நின்ற பயிருக்குள் பரவனாற்றுக் கால்வாய்ப் பணிக்காக எந்திரங்கள் இறங்கியபோது இம்மோதலை நாடே கண்டது.

இதனைக் கட்டுரையாகவும் புதினமாகவும் எழுதலாம். ஆனால் நீரை இறைத்தால் கரி, இறைக்காவிடில் கிணறு என ஒன்றையொன்று பற்றிநிற்கும் கணக்கை ஆடுவோர் கையில் ஒப்படைக்கும் விளையாட்டு, ஒரு தரப்பை எளிதில் குற்றவாளியாக்கும் வாய்ப்பைத் தராது. நிலம் தந்து வேலை பெற்ற குடும்பத்தையும், வேலை கிடையாத குடும்பத்தையும் ஒரே ஆட்டத்தில் மாறி மாறி ஏற்க வைக்கலாம். ‘வெண்பா’ தாயையும் மகனையும் அவ்வாறே ஏற்க வைத்தது. கைப்பேசியில் இயங்குவதாயின் கம்மாபுரத்தாரே அதன் முதல் ஆட்டக்காரராகவும் முதல் திறனாய்வாளராகவும் இருப்பர்.

அத்தகைய விளையாட்டுக்கு வேண்டிய மூலங்களை இப்போதே திரட்டுதல் இன்றியமையாதது. நற்றிணையின் மூன்றாம் பாடலில், வேம்பின் புள்ளி நிழலில் பொன்னுரைக்கும் கல் போன்ற கட்டம் வரைந்து சிறுவர் நெல்லிக்காய் வட்டாடுகின்றனர். பாலைவழி போன தலைவனின் நினைவோடு அவ்வூரின் அக்காட்சியும் பாட்டில் நிலைத்தது. வேம்பும் நிழலும் கட்டமும் ஒரே நிலத்தைச் சார்ந்தவை. நிலம் வெட்டப்பட்டால் மூன்றும் சேர்ந்தே போகும். மூன்று புலியும் பதினைந்து ஆடும் கொண்டு ஆடப்படும் ஆடுபுலி ஆட்டத்தின் கட்டங்கள் கோயில் தளத்திலும் திண்ணைக் கல்லிலும் கீறப்படுபவை. சுரங்க விரிவாக்க எல்லைக்குள் வரக்கூடிய சிற்றூர்களில் இக்கீறல்கள் எங்கெங்கு உள்ளன, எந்த விதிப்படி ஆடப்பட்டன, எந்தக் கிணற்றடியில் யார் யாரோடு ஆடினர் என்பன வாய்மொழியாகவும் படமாகவும் ஊர்வாரியாகப் பதியப்பட வேண்டும். விருத்தாசலம் வட்டாரக் கல்லூரிகளின் தமிழ்த்துறை மாணவர் பலர் இவ்வூர்களிலிருந்தே வருவதால், முதுகலை ஆய்வேட்டு அளவிலேயே இப்பணியைத் தொடங்க இயலும்.